மண்டபத்திலும் கிளப்பிலும் வேலை பார்க்கும் டிஜேக்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண ரிசப்ஷன், கோயில் கொடை, காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஹோட்டல் கிளப் என்று தமிழ்நாட்டில் டிஜே வேலை பார்ப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. எந்த கன்ட்ரோலர் (பாட்டை ஓட்டி மிக்ஸ் பண்ணும் கருவி) வாங்கலாம் என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். கரண்ட், நேரம், தகராறு, காது, காசு ஆகியவற்றைத்தான் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. ஒரு ராத்திரி நன்றாகப் போவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் முதல் பாட்டு ஒலிப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். அதனால் பதில்களிலும் அந்தப் பக்கமே கூடுதலாகப் பேசியிருக்கிறேன்.

புக்கிங் போன் வந்ததும் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

தேதி காலியா என்று பார்த்தவுடன் ரேட்டுக்குப் போய்விடாதீர்கள். எந்த மண்டபம், எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, மூடிய ஹாலா திறந்தவெளியா, செட்டை எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், எத்தனை மணிக்கு நிறுத்தச் சொல்வார்கள் என்பதையெல்லாம் கேளுங்கள். பிறகு மண்டப மேனேஜரின் நம்பரை வாங்கி அவரிடம் நீங்களே ஒருமுறை பேசுங்கள். பெண் வீட்டார் 'பதினொரு மணி வரைக்கும் போடலாம் தம்பி' என்பார்கள். மேனேஜர் ஒன்பதரைக்கே வந்து நிற்பார்.

அதே மேடையில் லைட் மியூசிக், செண்டை மேளம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் யார் எப்போது என்பதை அவர்களோடு பேசி எழுதிக்கொள்வது உங்கள் பொறுப்பு. அதை வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

இன்னொன்றையும் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். விசேஷத்தன்று 'போடு', 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை யாருக்கு? புக் பண்ணுவது மாப்பிள்ளையின் நண்பர், பணம் தருவது பெண்ணின் அப்பா, நடுவில் வந்து சத்தம் போடுவது தாய்மாமன். ஒரே ஒருவர் பெயரையும் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டால், மற்றவர்கள் வரும்போது 'அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, உடனே போட்டுடறேன்' என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

அட்வான்ஸ் எவ்வளவு, பேலன்ஸ் எப்போது?

பாதி அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகுதான் தேதியை எழுத வேண்டும். மீதியை செட் இறக்கி சவுண்ட் செக் முடித்ததும் வாங்கிவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு கேட்டால், தர வேண்டியவர் பந்தியில் நிற்பார், அப்புறம் மொய்க் கணக்கில் உட்கார்ந்திருப்பார், அப்புறம் காலை முகூர்த்த வேலைக்குப் போய்விடுவார். அவர் ஏமாற்றுகிறவர் என்பதல்ல. அந்த வீட்டில் அன்றைக்கு உங்கள் பணம் கடைசி வேலை.

பேசியதை வாட்ஸப்பில் ஒரே மெசேஜாக அனுப்பி 'ஓகே' வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, ஆரம்பிக்கும் முடிக்கும் நேரம், எத்தனை பாக்ஸ் (ஸ்பீக்கர்), என்ன லைட், வண்டிச் செலவு யார் தருவது, டீசல் யார் தருவது, கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, நிகழ்ச்சி ரத்தானால் அட்வான்ஸ் என்ன ஆகும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் இதே மெசேஜை அனுப்புங்கள்.

மண்டபத்து கரண்டை எப்படி நம்புவது?

நம்பக் கூடாது. அளந்து பார்க்க வேண்டும். எல்லா பையிலும் ஹெட்போன் இருக்கிறது, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருப்பதில்லை. இந்த வேலையில் நீங்கள் வாங்கும் பொருள்களிலேயே விலை குறைந்ததும் உங்களை அதிகம் காப்பாற்றுவதும் அதுதான்.

மேடைக்கு எலக்ட்ரீஷியன் இழுத்துக் கொடுத்த போர்டில் எதையும் சொருகுவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது அளவு 20, 30 என்று காட்டினால் நியூட்ரல் லூஸாக இருக்கலாம், எர்த் சரியில்லாமலும் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டுங்கள். 'இத்தனை நாள் இப்படித்தானே ஓடுது' என்பார். சரிசெய்யும்வரை சொருகாதீர்கள்.

மண்டபங்களுக்கு வருவது த்ரீ ஃபேஸ் லைன். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415 வோல்ட் இருக்கும். பொதுவான நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் ஒவ்வொரு ஃபேஸிலும் உள்ள லோடுக்குத் தக்கபடி வோல்ட் ஏறி இறங்கும். சமையல்கட்டில் கிரைண்டர் ஓடுகிற ஃபேஸில் லைட் மங்கும், லோடு குறைவாக உள்ள உங்கள் ஃபேஸில் வோல்ட் 300-ஐத் தாண்டும். சீரியல் லைட் திடீரென்று பளீரென எரிந்தால் முதலில் மெயினை அணைத்துவிட்டு அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) மிக்சரும் லேப்டாப் சார்ஜரும் ஒன்றாகப் போவது இப்படித்தான்.

ஜெனரேட்டருக்கு மாறும்போது சில விநாடிகள் கரண்ட் போய் வரும். பாக்ஸ் அணைந்தாலும் பரவாயில்லை, பிளேயரும் மிக்சரும் அணையக் கூடாது; அவற்றுக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் போதும். லைட்டுக்கும் சவுண்டுக்கும் தனித்தனி லைன் கேளுங்கள். சவுண்ட் சாமான் முழுவதும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கட்டும், பல சுவர்களிலிருந்து எடுத்தால் பாக்ஸில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும்.

அந்த இரைச்சல் வந்தால் என்ன செய்வது?

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான். லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே இரைச்சலைத் தடுக்கும் சின்னக் கருவியான ஐசொலேட்டரோ டிஐ பாக்ஸோ போடுங்கள். மிக்சரிலிருந்து பாக்ஸுக்கு மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிளே போகட்டும். பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நிற்கத்தான் செய்யும். ஆனால் லீக்கேஜ் வந்தால் மைக்கைப் பிடிக்கிறவர் உடம்பு வழியாகத்தான் அது போகும். மைக்கைப் பிடிப்பது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெரியவரோ ஒரு குழந்தையோ. அந்தக் காரியத்தை யாரும் செய்யாதீர்கள்.

எத்தனை வாட்ஸ் செட் வேண்டும்?

வாட்ஸ் கணக்கைப் பார்ட்டி கேட்பார்கள், நீங்கள் அதில் மயங்க வேண்டாம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறைகிறது. ஆகவே பாக்ஸை எங்கே வைக்கிறோம் என்பது எத்தனை பாக்ஸ் என்பதைவிட முக்கியம்.

முந்நூறு பேர் ஹாலுக்கு இரண்டு 15 இஞ்ச் டாப்பும் (குரலும் மேல் ஒலியும் தரும் பாக்ஸ்) இரண்டு 18 இஞ்ச் சப்பும் (பேஸ் பாக்ஸ்) தாராளம். டாப்பை ஸ்டாண்டில் ஏற்றி ஆடுகிறவர்கள் தலைக்கு மேலே வரும்படி வைத்து, ஆடும் இடத்தை நோக்கித் திருப்புங்கள். தரையில் வைத்தால் முதல் வரிசையில் உள்ள குழந்தைகளின் காதைக் கிழிக்கும், நான்காவது வரிசைக்குப் போகாது. இரண்டு சப்பையும் இரண்டு மூலையில் பிரித்து வைப்பதைவிட ஒட்டி ஒரே இடத்தில் வைத்தால் பேஸ் ஒன்றுகூடும், ஹாலுக்குள் பள்ளமும் மேடுமாகக் கேட்காது.

மிக்சரில் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தால் சத்தம் கூடவில்லை, அலையின் தலை வெட்டுப்படுகிறது. அப்படி வெட்டுப்பட்ட சிக்னலில், கீச்சு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போகும் சுமை ஏறி அது கருகும். சேனலில் பச்சை நிறைந்து மஞ்சள் தொடுமளவோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் ஆம்ப்பில் கூட்டுங்கள்.

பத்து மணிக்கு மேல் போடலாமா?

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஆடிட்டோரியம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்ற மூடிய இடத்துக்குள் மட்டும் விலக்கு உண்டு. திறந்தவெளி லானும் மொட்டை மாடியும் மூடிய இடம் ஆகாது. கலாசார, சமய விழாக்களுக்காக மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம், ஆனால் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. பகலிலும் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். அதைப் பெறுவது விழாக்காரர்கள் வேலை, நகலை வாங்கி வைப்பது உங்கள் வேலை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பொது இடத்தின் எல்லையில் அளந்தால் சுற்றுப்புறச் சத்தத்தைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு.

போலீஸ் வந்தால் செட்டைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள், மாப்பிள்ளையை அல்ல. ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு என்று முதலிலேயே சொல்லிவைத்து, அந்தப் பாட்டை எல்லாரும் ஆடுகிற பாட்டாகப் போட்டு முடியுங்கள். அணைத்துவிட்டுக் கெஞ்சலைக் கேட்பதைவிட அது நல்லது.

கல்யாணத்தில் சினிமாப் பாட்டுப் போட லைசன்ஸ் வேண்டுமா?

காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 1957-இன் 52(1)(za) பிரிவு சமயச் சடங்குகளுக்கு விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தோடு சேர்ந்த மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை நினைவூட்டி அறிவிப்பு வெளியிட்டது. ஆனாலும் எந்தெந்தக் கொண்டாட்டம் இதற்குள் வரும் என்ற வாதம் கோர்ட்டுகளில் நடந்துதான் வருகிறது, ஓட்டல்களும் அதனால் லைசன்ஸ் கேட்பது உண்டு. நியூ இயர் பார்ட்டி, கம்பெனி விழா, டிக்கெட் வைத்த நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு இந்த விலக்கு கிடையாது. அங்கே ஒலிப்பதிவுக்கு பிபிஎல், பாடல் வரிக்கும் இசைக்கும் ஐபிஆர்எஸ் என்ற உரிமை அமைப்புகளிடம் நடத்துகிறவர் லைசன்ஸ் வாங்க வேண்டும். 'லைசன்ஸ் ஏற்பாட்டாளர் பொறுப்பு' என்ற வரியை உங்கள் மெசேஜில் சேர்த்துவிடுங்கள்.

யூடியூபிலிருந்து இறக்கிய பாட்டைப் போட்டால் யாருக்குத் தெரியும்?

பெரிய பாக்ஸில் எல்லாருக்கும் தெரியும், காரணம் மட்டும் சொல்லத் தெரியாது. 'என்னமோ காது கரகரங்குது' என்பார்கள். குறைந்த தரப் பாட்டை 320 கேபிபிஎஸ் (ஒரு விநாடிக்கான டேட்டா அளவு) ஆக மாற்றினாலும் போன ஒலி திரும்பி வராது, ஃபைல்தான் பெரிதாகும். ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக் போன்ற இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கோடு போட்டதுபோல் வெட்டியிருந்தால் அது 128 கேபிபிஎஸ்ஸாக இருந்த ஃபைல். பாட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள்; நம் பிழைப்பே அதை உருவாக்கியவர்கள் தயவில்தான் நடக்கிறது. ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பியும் போகாதீர்கள், தரைத்தள மண்டபத்தில் முந்நூறு போன்களுக்கு நடுவே சிக்னல் கிடைக்காது.

குத்துப்பாட்டையும் ஹவுஸ் டிராக்கையும் மிக்ஸ் பண்ணினால் இடிக்கிறதே?

இடிக்கத்தான் செய்யும். நம் டப்பாங்குத்தில் பெரும்பகுதி 6/8, திஸ்ர நடை. கிளப்பில் ஓடும் ஹவுஸ் டிராக்கும் பெரும்பாலான புதுப் பாட்டுகளும் 4/4. மென்பொருள் 6/8 பாட்டை அளக்கும்போது அடிக்கடி ஒன்றரை மடங்காகவோ முக்கால் பங்காகவோ காட்டும். உங்கள் கால் நிமிஷத்துக்கு 120 என்று தட்டும், ஸ்கிரீனில் 180 அல்லது 90 இருக்கும். காலைத்தான் நம்ப வேண்டும். வேகம் அளக்கும் டாப் (Tap) பட்டனைத் தட்டி 120-ஐ நீங்களே எழுதுங்கள்.

அப்படியும் இரண்டையும் நீளமாக ஒன்றன்மேல் ஒன்று ஓட்டாதீர்கள். பெரிய அடி பொருந்தினாலும் நடுவில் தவிலும் ஹைஹேட்டும் மோதிக்கொண்டே இருக்கும். வெளியேறும் பாட்டின் கடைசி நான்கு அடியில் பேஸையும் மிட்டையும் (தாழ்ந்த ஒலி, நடு ஒலி) இறக்கி, ஒரு அடி வெறுமையாக விட்டு, அடுத்த பாட்டைப் பல்லவி தொடங்கும் குரலிலிருந்தே விடுங்கள். கூட்டம் தாளத்தை எதிர்பார்ப்பதைவிட அந்த முதல் வார்த்தையைத்தான் எதிர்பார்க்கிறது. அதைக் கேட்டவுடன் கத்துவார்கள், அந்தச் சத்தத்திலேயே இணைப்பு மறைந்துவிடும்.

எண்பதுகளின் பாட்டுகள் ஆட்கள் கூடி உட்கார்ந்து வாசித்தவை. சரணத்தில் வேகம் கொஞ்சம் ஏறும், இடையிசையில் இறங்கும். வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டனைப் போட்டால் நழுவும். சிங்க்கை அணைத்துவிட்டுக் கையால் பிடியுங்கள். நீளமான முன்னிசை உள்ள பாட்டுக்குப் பல்லவியில் ஒரு க்யூ (தொடங்கும் இடத்துக்கான குறி) வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அந்த முன்னிசையை முழுதாக விடுங்கள். அதற்காகவே நிமிர்ந்து உட்காருகிறவர்கள் உண்டு.

ரிசப்ஷனில் யாருமே ஆடவில்லை. என்ன செய்வது?

முதல் ஒரு மணி நேரம் ஆடமாட்டார்கள். மேடையில் போட்டோவுக்கு வரிசை நிற்கிறது, உறவினர்கள் பல வருஷம் கழித்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது மெலடியைப் பேச்சுக்குக் கீழே ஓடவிடுவதுதான் உங்கள் வேலை. பக்கத்து நாற்காலிக்காரரோடு கத்திப் பேசும்படி வைத்தால், ஆட வேண்டிய நேரத்தில் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள்.

முதலில் ஆடுவது குழந்தைகள். அவர்களை விரட்டாமல் இரண்டு பாட்டுக் கொடுங்கள். குழந்தையைக் கூப்பிட வரும் சித்தியும் அத்தையும் அங்கேயே நிற்பார்கள். அப்புறம் மாப்பிள்ளையின் நண்பர்கள். கூச்சத்துக்குப் பெரிய காரணம் வெளிச்சம். வீடியோகிராபரிடம் போய், ஆடும் இடத்தின் மேலிருக்கும் லைட்டைப் பத்து நிமிஷம் திருப்பி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நட்பாகக் கேட்டால் செய்வார். மைக்கில் 'என்ன எல்லாரும் தூங்குறீங்களா' என்று மட்டும் கேட்காதீர்கள். விருந்துக்கு வந்தவர்களை விருந்து வீட்டில் நாம் கடிந்துகொள்ளக் கூடாது.

சாதிப் பெருமைப் பாட்டு, கட்சிப் பாட்டு கேட்டு மிரட்டினால்?

கோயில் திருவிழாக்களில் இது பெரிய விஷயம். ஒரு தெருவுக்கு உற்சாகமாக இருக்கும் பாட்டு, அடுத்த தெருவில் கல்வீச்சாக முடியும். அந்த ஊரில் மறுநாளும் வாழ வேண்டியவர்கள் அவர்கள், நாம் செட்டை ஏற்றிக்கொண்டு போய்விடுவோம். ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது சாதி, மதம், கட்சி சார்ந்த பாட்டு கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிபந்தனை போடுவது வழக்கம். அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கிப் பையில் வையுங்கள். 'கோர்ட் ஆர்டர்லயே இருக்குண்ணே' என்றால் பேச்சு உங்கள் மேல் வராது. இதைவிட உறுதியான வழி, அந்தப் பாட்டுகளை பென்டிரைவிலேயே வைக்காமல் இருப்பது. போனை நீட்டி 'இதுல இருக்கு, கனெக்ட் பண்ணு' என்பார்கள். புளூடூத் இல்லாத மிக்சராக இருந்தால் அந்தச் சிக்கலும் இல்லை.

மற்ற ரெக்வஸ்ட்களை எப்படிக் கையாள்வது?

சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். மணமக்கள் 'இது வேண்டாம்' என்று கொடுத்த லிஸ்டில் இல்லாததை, பொருத்தமான இடம் வரும்போது போடுங்கள்.

கிளப்பில் முதல் வாய்ப்பு. என்ன கொண்டு போக வேண்டும்?

ஹெட்போன், இரண்டு பென்டிரைவ், இரண்டிலும் ஒரே பாட்டுகள். எஃப்ஏடி32 ஃபார்மேட்டில் இருக்கட்டும், பழைய பிளேயரும் அதைப் படிக்கும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் எஃப்ஏடி32 தராமலிருக்கலாம், அதற்குத் தனி மென்பொருள் உண்டு. பாட்டைக் காப்பி பேஸ்ட் பண்ணாதீர்கள், ரெகார்ட்பாக்ஸ் மென்பொருளிலிருந்து எக்ஸ்போர்ட் பண்ணினால்தான் க்யூவும் பீட்கிரிடும் (தாளக் குறிகள்) கூட வரும். தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் ஃபைல் முதல் தலைமுறை சிடிஜே-2000 பிளேயரில் ஓடாது. 320 எம்பி3 எல்லாவற்றிலும் ஓடும்.

முதலில் பாட்டுப் போடும் முறை உங்களுக்கு என்றால் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்து வருபவரின் ஹிட்டுகளை நீங்களே தீர்த்துவிடாதீர்கள். மாறும்போது எந்த டெக் (பிளேயர்) ஓடுகிறது என்று அவர் வாயால் கேட்டுவிட்டுத்தான் பட்டனில் கை வைக்க வேண்டும். ஹாலின் சத்தத்துக்கான மாஸ்டரைத் தொடாதீர்கள், உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் உங்கள் பக்க ஸ்பீக்கருக்கான பூத் குமிழைத் திருப்புங்கள்.

காது இரைகிறது. பயப்பட வேண்டுமா?

ஆமாம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் வேலையிடங்களுக்குச் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் கால் மணி நேரம். ஆடும் இடத்தில் 100 என்பது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட விதிமுறையும் நிகழ்ச்சி இடங்களுக்கு 15 நிமிஷ சராசரியாக 100 டெசிபலைத்தான் உச்சமாக வைத்திருக்கிறது. காதின் நுண்மயிர்ச் செல் போனால் போனதுதான், திரும்ப முளைக்காது.

இசைக்காரர்களுக்கென்று ஃபில்டர் வைத்த இயர்பிளக் வாங்குங்கள். பாட்டின் தெளிவு போகாமல் சத்தம் மட்டும் குறையும். பூத் மானிட்டரை மிக்ஸ் பண்ணும்போது மட்டும் கூட்டி, மற்ற நேரம் இறக்கி வையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இரைச்சல் மறுநாள் வரை நிற்கவில்லை என்றால் காது டாக்டரிடம் போங்கள்.

ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா?

சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். கம்பெனி நிகழ்ச்சிகளில் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ரிட்டர்ன் தாக்கல் பண்ணினால் உங்கள் வரிக் கணக்கில் அது சேரும். பான் நம்பரை பில்லில் எழுதுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்வது?

கல்யாணம் இருக்காது, ஆனால் ஆடி கோயில் கொடைகளுக்கான மாதம், மார்கழியில்தான் டிசம்பர் 31 வருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை காலேஜ் விழாக்கள். நடுவில் கிடைக்கும் நாட்களில் எல்லா கேபிளையும் ஒவ்வொன்றாகச் சொருகி, முனையை ஆட்டிப் பாருங்கள். கரகரப்பதைத் தனியே எடுத்துச் சால்டர் பண்ணுங்கள். ஃபேடரில் தூசியை ஊதி எடுங்கள், ஆம்ப் ஃபேனைச் சுத்தம் பண்ணுங்கள், வயர்லெஸ் மைக்கின் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், லேப்டாப் அப்டேட் எல்லாவற்றையும் இப்போதே முடித்துவிட்டு சீசனில் அப்டேட்டை அணைத்து வையுங்கள். டிசம்பர் 31-க்குக் கேட்பவர்களிடம் அட்வான்ஸை அக்டோபரிலேயே வாங்கி, மூடிய ஹாலா மொட்டை மாடியா என்பதை அப்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.